ரெண்டாம் நம்பர் பொத்தான்

எந்த வீடென்று சொல்லக்கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அதனால் முக்கூடல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.
பேரையும் முப்பிடாதி என்று மாற்றிவிட்டேன்.
அந்தப் பக்கம் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும்
மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

டிவிக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி,
அதற்கென்று தனி ரிமோட்.
ஒன்று வீட்டுக்காரர், ரெண்டு அவள்,
மூன்று ஆலங்குளத்தில் காலேஜ் படிக்கும் பையன்.
உட்காரும்போது அமுக்க வேண்டும்,
எழுந்திருக்கும்போதும் அமுக்க வேண்டும்.
“ஒண்ணுக்குப் போனாலுமா சார்?”
போனாலும்.

ராத்திரி ஒன்பதரை.
மூன்று செல்போனுக்குள் கிடக்கிறது.
ஒன்று கடையடைத்து வரப் பதினொன்றாகும்.
ரெண்டு மட்டும் எரிகிறது:
மடியில் சொளகு, சொளகில் இலையும் தூளும்,
எதிரே கயிறு கட்டிய மேடையில்
ஜட்டி போட்ட இரண்டு மலைகள்.

“சீரியல் பாக்கலாம்லா?” என்று கேட்டேன்.
“அதுக்குக் கண்ணு வேணும் சார். எனக்குக் கண்ணு இலையில.
இதுன்னா, கூட்டம் கத்தும்போது நிமிந்தாப் போதும்.
ஒரு கட்டு சுத்தி முடிக்கதுக்குள்ள ரெண்டு தடவ நிமிருவேன்.”

“எல்லாம் பொய்யின்னு சொல்லுதாங்களே?”

“ஜெயிக்கது பொய்தான்.
விழுகது பொய்யில்ல.”
சொல்லிவிட்டுத் தன் முதுகை
ஒருமுறை நெட்டி முறித்துக்கொண்டாள்.

விடியுமுன்னே அவளுடைய ஒன்றரை மணி நேரம்
மும்பைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.
அவள் பெருக்கினால் வாசல் சுத்தமாகும்.
அங்கே அவளைப் பெருக்குவார்கள்.
கிராமம், பெண், முப்பத்தொன்று முதல் நாற்பது:
ஏழாயிரம் பேர் மடியில் சொளகோடு
மல்யுத்தம் பார்த்ததாகக் கணக்கு வரும்.
எவனோ ஒருவன் அந்தக் கட்டத்தை
மஞ்சளால் வட்டமிட்டு,
பைக் விளம்பரத்துக்குப் பக்கத்தில்
பாத்திரம் கழுவும் சோப்பை வைக்கலாமா என்று யோசிப்பான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
பயிற்சியில் சொல்லித்தந்ததைச் சொன்னேன்.
சிரித்தாள்.
“எங்க கம்பெனிலயும் அப்படித்தான்.
ஆயிரத்துல ஒரு கட்ட உருவுவான் செக்கரு.
அதுல நாலுல தூள் கம்மின்னா
மொத்தத்தையும் கழிச்சிருவான்.
எந்த மூலையில கைய விடுவான்னு எனக்குத் தெரியும்.
நல்லத அங்கன அடுக்கிருவேன்.”
நான் பெட்டியைப் பார்த்தேன்.
“இத ஒழுங்காத்தான் அமுக்குதேன்,” என்றாள்.

ஐப்பசியில் ஆபீஸிலிருந்து போன்.
ஒரு வாரமாக டிவி ஓடுகிறது, பார்க்க ஆளில்லை,
பெட்டி கோளாறா என்று பார்.
பேட்டை தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது.
வீட்டுக்காரர் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில், ஒன்பது நாளாய்.
கடைசி பஸ்ஸில் வந்து மறுநாள் கணக்குக்குச் சுற்றி முடித்து
முதல் பஸ்ஸில் போயிருக்கிறாள்.

“பொத்தான அமுக்கலியா?”
“சத்தத்துக்குப் போட்டது சார். கூட்டம் கத்துச்சு.
நிமிரத் தோணல.”
“அப்ப பாக்கலன்னுதான் கணக்கு.”
“பாக்கல.
ஆனா இருந்தேன்லா?”

படிவத்தில் இரண்டு கட்டம்தான்:
பெட்டி பழுது. ஆள் இல்லை.
பேனா மூடியைக் கழற்றினேன், மாட்டினேன்.
மழை விடட்டும் என்று அவளே நாற்காலி எடுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் மல்யுத்தத்தைப்
பதினொன்றரைக்குத் தள்ளிவிட்டார்கள்.
ஏழாயிரம் பேர் ஒரே வாரத்தில் விழுந்ததாலா,
வேறு கிரிக்கெட் வந்ததாலா,
எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்.
விழுந்தது மட்டும் பொய்யில்லை.

போன வாரம் சோதனைக்குப் போனேன்.
இப்போது ஒன்றும் ரெண்டும் சேர்ந்து எரிகின்றன.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பாயில் படுத்தபடி
முதல் அடி விழுமுன்னே தூங்கிவிடுவாராம்.
“அப்ப ஒண்ண அணைக்கணும்லா?”
“அணைக்க மனசு வரல சார்.
எரியட்டும். ஆளு இருக்காருல்லா.”

விதிப்படி இதை எழுத வேண்டும்.
நான் எழுதவில்லை.
மும்பையில் இந்நேரம்
கிராமம், ஆண், நாற்பத்தொன்றுக்கு மேல்,
ஏழாயிரம் பேர்
கண்கொட்டாமல் விழித்திருக்கிறார்கள்.